மாரிசெல்வத்தின் சாய்ந்த கார்

"தம்பி, ஒரு ஆளு உக்காருத எடம் தரையில இருந்து எவ்வளவு ஒசரம் இருக்கணும்?"

டீக்கடை பெஞ்சின் காலுக்கடியில் மடித்த சிகரெட் அட்டையைச் செருகிக்கொண்டே மாரிசெல்வம் அண்ணன் என்னிடம் கேட்டார். பெஞ்சு ஆடுவது நின்றதா என்று அழுத்திப் பார்த்தார். ஆனால் அதில் உட்காரவில்லை. நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பெஞ்சை ஆட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. லைன் முடிவில் வந்து நிற்கும் புதுக் கார் நான்கு பக்கமும் ஒரே சீராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்துக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க அங்கே கருவி உண்டு. வெளியே வந்தால் விரல்தான் கருவி. வழியில் நிற்கும் எந்த வண்டியையும் விரல் நுழைத்துப் பார்க்காமல் தாண்ட மாட்டார். ஒருநாள் கம்பெனி வேன் ஒன்றில் கைவைத்தபோது டிரைவர் உள்ளேயிருந்து கத்தினார்: "யோவ், இன்னா டயரைக் கயட்டினு போலாம்னு பாக்கிறியா?"

"எடது பக்கம் எறங்கிக் கெடக்கு அண்ணே. ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சிருக்கும், பாருங்க" என்றார் இவர், விரலை எடுக்காமலே.

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் ஒரே வரிசை வீடுகளில் குடியிருக்கிறோம். பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு ஒப்பந்த வேலைக்குப் போகும் எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அவருக்கு முன்னால் நான் பரம சாது.

போன வருடம் அவர் பழைய கார் ஒன்று வாங்கினார். சின்னதுதான், ஆனால் உயரமான கார். வாங்கிய வாரமே நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் மாட்டினார். கார் பதுங்கினாற்போல் தாழ்ந்து நின்றது. வீட்டுக்காரர் கோதண்டராமன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த ரோட்டுக்கு எவனாச்சும் வண்டியத் தாழ்த்துவானாய்யா? ஸ்பீட் பிரேக்கர்ல வவுத்தத் தேச்சிகினு போவும்."

"தேய்க்கட்டும் அண்ணாச்சி. என் வண்டி வயிறுதான?"

காரணம் அண்ணனின் மனைவி சந்தனமாரி அக்கா. சிறு வயதில் போலியோ வந்ததால் சக்கர நாற்காலியில் இருப்பவர். பெண் பார்க்க வந்த அன்றே, "என்னை யாரும் தூக்கக் கூடாது. நீங்களும்தான்" என்று இவரிடம் சொல்லிவிட்டாராம். பென்னலூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அக்காவுக்கு முதன்முதலாக வேலை கிடைத்திருந்தது. நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகையைப் போட்டால், கையை ஊன்றி நகர்ந்து அவரே ஏறிவிடுவார். அதற்குச் சீட்டும் நாற்காலியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டீக்கடையில் என்னைக் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்த்தார். மட்டம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை அக்கா வழுக்கிக்கொண்டு ஏறினார். நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். கம்பெனி வாசலில் நாங்கள் இறங்கி நாற்காலியை வைத்துப் பலகையைப் போட்டால், அது சீட்டிலிருந்து நாற்காலிப் பக்கம் மேல்நோக்கி நின்றது. அக்கா பாதி தூரம் நகர்வதும் திரும்பச் சறுக்குவதுமாக இருந்தார். உள்ளே போகும் பெண்கள் நின்று பார்த்தார்கள். செக்யூரிட்டி ஓடிவந்து அக்காவின் தோளுக்கடியில் கைகொடுத்தார்.

"கைய எடுங்க!"

அக்காவின் அந்தச் சத்தத்தில் எல்லோரும் விலகினார்கள். அக்கா சீட்டில் சாய்ந்துகொண்டார். "வண்டியத் திருப்புங்க. நாளைக்கும் இப்பிடின்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம்."

வீட்டு வாசலிலும் அதே மேடு. அண்ணன் ஜாக்கியை எடுத்து, அக்கா உள்ளே இருக்கும்போதே இடது பக்கத்தை மெல்ல உயர்த்தினார். பலகை மட்டத்துக்கு வந்ததும் "போதும்" என்று அக்கா இறங்கினார். அண்ணன் சக்கரத்துக்கு மேலே விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் கூடுதலாக நுழைந்தது.

"சே! லைன்ல வெறும் வண்டியத்தான அளப்போம். இங்கயும் அதையே செஞ்சிருக்கேன். நீ உக்காந்தா வண்டி தாழுமே, பிள்ள!"

"நான் என்ன அவ்வளவு கனமாவா இருக்கேன்?"

"ஸ்பிரிங்கு சொல்லுது, நான் சொல்லல."

அன்று மாலைக்குள் இடது பக்க ஸ்பிரிங்குகளுக்கு மேலே தடித்த ரப்பர் வைத்தாயிற்று. அக்கா இருந்தால் கார் நேராக நிற்கும். இல்லாவிட்டால் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். "இன்னாய்யா, லைன்ல கோணல் பாக்கிற ஆளு, வண்டி கோணிகினு கீது?" என்றார் கோதண்டராமன்.

ஆனால் இப்போது ஏறுவது கஷ்டமாகிவிட்டது. காலிச் சீட்டு உயரத்தில் இருந்தது. கனத்துக்கு என்னைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார்கள். கார் அசையவே இல்லை. "நீ காத்து மாதிரி இருக்கியே தம்பி" என்று சிரித்த அக்கா, கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏறுங்க."

நான் இறங்க, அவர் ஏறினார். சீட்டு மட்டத்துக்கு வந்தது. ஆனால் அவராலா சும்மா இருக்க முடியும்? கால் ஆடியது, கதவுப் பிடியைத் தட்டினார், எட்டிப் பார்த்தார். பலகையும் கூடவே ஆடியது.

"ஆடாதீங்க! பெஞ்சுக்கு அட்டை வைக்கத் தெரியுதுல்ல? உங்களுக்கு எங்க வைக்கணும்?"

அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.

அக்கா இன்றும் வேலைக்குப் போகிறார். மாலையில் கம்பெனி வாசலில் அண்ணன் நாற்காலியைக் கார் ஓரமாக நிறுத்தி, அதன் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். நேற்றும் அங்கே நின்ற ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "பொம்பள தனியா கஷ்டப்பட்டு ஏறிகினு கீது, நீ பின்னால சொகுசா குந்திகினு கீறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினார். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்த ஆட்டோக்காரரைப் பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மாரிசெல்வம் அண்ணன் சொல்ல மாட்டார். வாயைத் திறந்தால் உடம்பு ஆடிவிடும் என்று, நேற்றும் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.