நன்றாக இருப்பதாகச் சொன்னவள்

பிப்ரவரி மாத மூடுபனியில், கத்தாரின் ராஸ் லஃபானுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்த்தால், எரிவாயு ஆலையின் தீச்சுடர்கள் கம்பமே இல்லாமல் வானில் தொங்கும். வேறு ஏதோ கிரகத்துக்கு டியூட்டிக்குப் போவதுபோல இருக்கும். ஏழு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. அந்த பஸ்ஸில்தான் அந்த அறிவியல் புனைவு நாவலைப் படித்து முடித்தேன்.

பூமியைச் சுற்றும் நிலையம் ஒன்றில் செடி வளர்க்கும் பெண்ணின் கதை. போர் இல்லை, வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. நிலையம் எப்படி இயங்குகிறது என்று ஆசிரியர் விளக்கவே இல்லை. எனக்கு அது குறையாகவும் படவில்லை. அவள் தினமும் கணவனுக்கு ஐந்து நிமிடம் பேசி அனுப்புகிறாள். தன் எலும்புகள் வலுவிழந்துவருவதை மறைத்து, நன்றாக இருக்கிறேன் என்கிறாள். ஒவ்வொரு பொய்க்கும் முன்னால் ஓர் இலையைத் துடைப்பாள். ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. பாதிப் புத்தகத்தில் நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் திரும்பி வந்ததும் எல்லோரும் உடனே மன்னித்துவிடும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பரிசோதனைக்கூட மேலாளர் மரியம், கத்தார்க்காரர். தேநீர் வேளையில் என் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். புத்தகம் என்று சொல்லாமலே தொடங்கிவிட்டேன்.

"ஒரு பொண்ணு மேடம். மூணு வருஷமா வீட்டுக்குப் போகல. உடம்பு சரியில்ல. புருஷனுக்குத் தெரியாது."

மரியம் கோப்பையைக் கீழே வைத்தார். "அவளோட கஃபீல் யாரு? நம்பர் குடு, நான் பேசறேன்."

"கஃபீல் மாஃபி, மேடம். ஸ்பான்சரே கிடையாது. அது கதை."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மாவுக்கட்டு போட்டிருந்த என் இடது கையைப் பார்த்தார். "இது உன் வீட்டுக்குத் தெரியுமா?"

தெரியாது. குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திருச்சியில் என் கணவர் சேகரும் பதினோரு வயது மகள் மீனுவும் வீடியோவில் என் முகத்தை மட்டுமே பார்த்துவந்தார்கள். முதல்முறை கிளம்பியபோது, எதையும் மறைக்கக்கூடாது என்று விமான நிலைய வாசலில் சேகரிடம் சத்தியம் வாங்கியவள் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அழைத்து, எதுவும் பேசும் முன்பே கையைத் தூக்கிக் காட்டினேன்.

சேகர் திரைக்கு அருகே குனிந்து மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, "வலிக்குதா?" என்றார்.

"இப்ப இல்ல. கோவமா?"

"கோவம்தான்." அவர் நாவலில் வரும் கணவன் இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "மீனு கண்ணாடி போட்டு ஒரு மாசம் ஆச்சு. நீ கூப்பிட்டா கழட்டி வச்சிடுவா. அம்மா அங்க தனியா உக்காந்து அழுவாங்கன்னு சொன்னா."

மீனு கண்ணாடியோடு வந்து திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தாள். திடீரென்று வளர்ந்துவிட்டவள்போலத் தெரிந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். அவளுடைய இரண்டு வில்லைகளிலும் கைபேசியின் வெளிச்சம் விழுந்திருந்தது. அதற்குள் நான் இருந்தேன், கடுகளவாக, கண்ணுக்கு ஒருத்தியாக, திருச்சி வீட்டின் கூடத்தில்.