அம்மா வெளிநாட்டுக்காரி

என் அம்மா பிறந்தது சுரக்குடியில். வாழ்க்கைப்பட்டது காரைக்கால் கோவில்பத்தில். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதைத் தாண்டி அவள் பார்த்த ஊர் என்றால் நாகப்பட்டினமும், ஒரே ஒரு முறை போன சிதம்பரமும்தான். ஆனாலும் அரசாங்கக் காகிதத்தில் அவள் ஒரு வெளிநாட்டுக்காரி.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்பார்கள். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாவும் அக்காவும் நானும் அன்றைக்கு வீட்டில் இருந்தபடியே பிரெஞ்சுக்காரர்கள் ஆனோம். அக்கா மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டாள்.

இந்த ஊரில் குடியிருக்க எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு பர்மிட் வேண்டும், சின்னவளான எனக்கு அது தேவைப்படவில்லை. வருஷா வருஷம் அப்பா சைக்கிளில் போய் அதைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். அது அவருடைய வேலை என்று நாங்கள் இருந்துவிட்டோம். எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அவர் காலமானார். துக்கத்தில் பர்மிட்டின் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. வெயில் ஆரம்பித்த நேரத்தில்தான் அம்மா பெயருக்கு அந்தக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். தமிழில் படித்தவள். வீட்டில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பதால் நான்தான் படித்தாக வேண்டும். மூன்றாவது வரியில் ஒரு நீளமான சொல் இருந்தது. அகராதியில் பார்த்தேன். ‘நாடு கடத்தல்’ என்று போட்டிருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

“என்னடி போட்ருக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“பர்மிட் முடிஞ்சு போச்சாம். உன்னை இந்தியாவை விட்டு அனுப்பப் போறாங்களாம்.”

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். “யார்கிட்டயும் சொல்லாதே” என்றாள்.

எங்கள் தெருவில் ஒருவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். காகிதம் சரியில்லை என்று அங்கே பிடித்து, முகாமில் பல நாள் அடைத்து வைத்து, கட்டிய வேட்டியோடு கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர் அதைச் சொல்லும்போது அம்மா பலமுறை கேட்டிருக்கிறாள். அவருக்காவது வந்து சேர ஒரு ஊர் இருந்தது. தன்னை எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. “எங்கயோ போய் இறங்கினா நான் யார்கிட்டடி பேசுவேன்?” என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

நாலு மாதம் அவள் கடைத்தெருவுக்குக்கூடப் போகவில்லை. காக்கிச் சட்டை போட்ட யார் தெருவில் வந்தாலும், அது தபால்காரராக இருந்தாலும், கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள். அக்காவை நாகப்பட்டினத்தில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டியவள், கால் வீங்கி, ரத்த அழுத்தம் கூடி, பஸ் பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் அங்கேயே இருந்தாள். அம்மா ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அது பெரிய வருத்தம்.

கடைசியில் ஒருநாள் விடிந்ததும் அத்தான் ஆள் அனுப்பினார். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உடனே வர வேண்டும் என்று. அம்மா பிரசவ மருந்தையும் பழைய புடவைகளையும் ஒரு பையில் வைத்தாள். பாஸ்போர்ட்டையும் அந்தக் கடிதத்தையும் அடியில் சொருகினாள்.

நாகப்பட்டினம் போக வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். தமிழ்நாட்டில் மதுவிலக்கு, எங்கள் ஊரில் இல்லை. அதனால் போலீஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறிப் பாட்டில் இருக்கிறதா என்று பைகளைத் துழாவுவார்கள். அவர்கள் தேடுவது பாட்டிலை என்று அம்மாவுக்கும் தெரியும். ஆனால் சாவடிக்கு முந்தின நிறுத்தமான கீழவாஞ்சூர் வந்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

“எறங்கு. நடந்து போயிடலாம்.”

சாலையை விட்டுக் கிழக்கே சவுக்குத் தோப்புக்குள் இறங்கினோம். நூறு அடி போயிருக்க மாட்டோம். சாராயம் கடத்துகிறவர்களின் வழி அது என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார்.

சாவடிக்கு அழைத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சோதனை போடப் பெண் போலீஸ் இல்லை. கூடையோடு போய்க்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருவரை ஏட்டு கூப்பிட்டார். அந்த அம்மா மறைவில் எங்களைத் தடவிப் பார்த்து, பையையும் கிளறிவிட்டு வந்தார்.

“ஒண்ணும் இல்லைங்க. புள்ளப் பெத்தவளுக்குக் குடுக்குற மருந்து வச்சிருக்காங்க. ஏதோ புஸ்தகம் ஒண்ணு இருக்கு.”

ஏட்டு பாஸ்போர்ட்டைப் புரட்டினார். “என்னம்மா இது?”

அம்மா எழுந்து நின்றாள். “நான் வெளிநாட்டுக்காரிங்க. பர்மிட் முடிஞ்சு போச்சு. என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. அவளைப் பாத்துட்டு வந்துடறேன், அப்பறம் எங்க அனுப்பறதா இருந்தாலும் அனுப்புங்க.”

“எந்த ஊரும்மா நீங்க?”

“சுரக்குடி.”

ஏட்டுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அவருக்கும் இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. “சப்-இன்ஸ்பெக்டர் வரட்டும்” என்றார்.

அவர் வர மூன்று மணி நேரம் ஆனது. மீன்காரம்மா கொஞ்ச நேரம் எங்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, “ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாகப்பட்டினம் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்று போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தபடி இருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். பாஸ்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, கடிதத்தை நின்றபடியே முழுவதும் படித்தார்.

“இதுல உங்களைப் போகச் சொல்லலையேம்மா. பர்மிட்டைப் புதுப்பிக்காம விட்டா நாடு கடத்த இடம் உண்டுன்னு எழுதிட்டு, கீழேயே வழியும் சொல்லியிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் இறந்த சர்டிபிகேட்டோட ஒரு மனு குடுங்க, புதுசு தர்றோம்னு. நாலு மாசமா ஏன் போகல? யார் இதை உங்களுக்குப் படிச்சுச் சொன்னது?”

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“தெரிஞ்சவங்க சரியாத்தான் சொன்னாங்க சார். எனக்குத்தான் வெளங்கல” என்றாள்.

அவரே பஸ்ஸை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் உச்சிவேளைக்கே ஆண் குழந்தை பிறந்திருந்தது. அக்காவுக்கு ஜன்னி மாதிரி வந்து அடங்கியிருந்தது. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னதாக அத்தான் சொன்னார். அக்கா கண்ணைத் திறந்து, “இப்பத்தான் வர முடிஞ்சிதாம்மா?” என்றாள். அம்மா குனிந்து அவள் முகத்தைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நானும் அம்மாவும் பர்மிட் ஆபீசுக்குப் போனோம். இவ்வளவு தாமதம் ஏன் என்று அதிகாரி கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள், “நான்தான் சார் தப்பாப் படிச்சுச் சொல்லிட்டேன். பாதிக்கு மேல படிக்கலை” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல மனுவை நான் எழுதினேன். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும், “அதை ஏன் சொன்னே? முடிஞ்சு போனதுதானே” என்றாள். குரலில் கோபம் இருந்தது. என்மேல் அவள் காட்டிய கோபம் அது ஒன்றுதான். அந்த நாலு மாதத்துக்காக அல்ல, அன்னியர் முன்னால் நான் தலைகுனிந்ததற்காக.

புது பர்மிட் வந்த பிறகு பேரனைப் பார்க்க அடிக்கடி போனாள். எண்பதுகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் பிரான்சுக்குப் போனார்கள். அம்மாவையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. வாஞ்சூரில் பஸ் நிற்கும்போது நான் பக்கத்தில் இருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். காகிதம் எல்லாம் சரியாக இருக்கும். கை சில்லிட்டுத்தான் இருக்கும். பஸ் நாகூரைத் தாண்டிய பிறகுதான் மெல்லச் சூடு வரும்.