கேமராவில் சிக்கிய முதல் புகை

1. அலர்ட்

கேமரா ப்ராஜெக்ட்டில் முதல் அலர்ட் வந்தபோது நான் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். தயிர்சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கைகழுவ ஓடினேன். அந்த ஓட்டத்தில் இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால், வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் பல வருஷம் இருந்தவள். பிறகு வண்டிகளை ஜிபிஎஸ்ஸில் கண்காணிக்கும் ஒரு ஆபீசில் ஸ்க்ரீன் பார்த்தேன். ஸ்க்ரீன் பார்த்துப் பழகிய கண் என்று சொல்லித்தான் இந்தக் கம்பெனியில் என்னைக் கோஆர்டினேட்டராக எடுத்தார்கள்.

இங்கே கோடைக்காலத்தில் கரடுகள், அதாவது சின்னச் சின்னக் குன்றுகள், பற்றிக்கொள்ளும். புல் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். அதனால் செல்போன் டவர்களில் கேமரா மாட்டி, கரட்டைப் பார்த்தபடி வைத்திருந்தார்கள். படங்கள் வந்துகொண்டே இருக்கும். புகை மாதிரி ஏதாவது தெரிந்தால் சாஃப்ட்வேர் அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் போடும். ஆனால் அதற்கு மேகமும் புழுதியும் பனிமூட்டமும் புகையும் ஒன்றுதான். ஆகவே அந்தப் படம் ஆன்லைனில் வேலை செய்யும் ஆட்களுக்குப் போகும். இளம்பிள்ளையில் புடவை மடித்துக்கொண்டே போனைப் பார்க்கும் பெண்கள் உண்டு. மேச்சேரியில் கைக்குழந்தைக்காரிகள் உண்டு. முகமே தெரியாத வெளிமாநிலத்து ஆட்களும் உண்டு. புகை, புகை இல்லை, தெரியல என்று மூன்று பட்டன். பாதிப்பேருக்கு மேல் புகை என்றால் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போய்விடும்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு ட்ரெயினிங் கொடுத்தது நான்தான். "யோசிச்சுட்டே உக்காராதீங்க. புகைன்னா புகை. யாரு எரிக்கறாங்க, எதுக்கு எரிக்கறாங்கங்கறது நம்ம வேலை இல்லீங்க" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

அன்று வந்த படத்துக்கு ஏறக்குறைய எல்லோரும் புகை என்றே அழுத்தியிருந்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. "அக்கா, நாம புடிச்சிட்டமுங்க" என்று ஒரு பெண் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். எங்கள் மேனேஜர் பிரபு, என்னைவிட வயதில் சின்னவர், கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், வாங்க போலாம். நீங்க வீடியோ எடுங்க. க்ளையண்ட்டுக்கு அனுப்பணும். இதான் நம்ம ஃபர்ஸ்ட் கேட்ச்."

2. கரட்டடியில்

நாங்கள் போவதற்குள் தீயணைப்பு வண்டி போய்ச் சேர்ந்திருந்தது. சைரன் தூரத்திலேயே கேட்டது. கார் நிற்கும் முன்பே நான் போனில் வீடியோவை ஆன் செய்துவிட்டேன். முதலில் வண்டியின் சிவப்பு, பிறகு இரண்டு வீரர்கள் ஓஸ் பைப்பை இழுத்து விரிப்பது, பிறகு புகை என்று வரிசையாக எடுத்துக்கொண்டே முன்னால் நடந்தேன்.

புகைக்கு முன்னால் ஒரு வயதானவர் இரண்டு கைகளையும் விரித்துப் பைப்பை மறித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பத்திருபது ஆண்கள். ஒருவருக்கு மொட்டையடித்திருந்தது, இடுப்பில் ஈர வேட்டி. அவர்களுக்கும் பின்னால் விறகும் எருமுட்டையும் அடுக்கிய சிதை எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. ஸ்டேஷன் ஆபீசருக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது. தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சைரன நிறுத்துப்பா. பைப்ப சுத்துங்க."

சைரன் நின்றதும் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. மொட்டையடித்தவர் ஆபீசரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் இருந்த ஒரே பெண் நான். அதுவும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஏம்மா, நீங்க யாரு? எங்கம்மாள எதுக்குப் படம் புடிக்கறீங்க?"

வீடியோவை நிறுத்தப் பார்த்தேன். அவசரத்தில் வேறெதையோ அழுத்தினேன், அது ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் போனை அப்படியே சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷன் ஆபீசர் கைகூப்பினார். "தப்பான தகவல் வந்துருச்சுங்க. மன்னிச்சுக்கோங்க." அந்தத் தகவலைக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் கைகாட்டவில்லை. எங்களுக்கும் சேர்த்து அவரே கும்பிட்டார். பிரபு காரைவிட்டு இறங்கவே இல்லை.

திரும்பி வரும்போது அவர்தான் பேசினார். "விடுங்க மேடம். இந்த மாதிரி தப்பு வந்தாத்தான் சாஃப்ட்வேர் கத்துக்கும். ரிப்போர்ட்டப் போட்டு முடிச்சிருங்க."

போட்டேன். காரணம் என்ற இடத்தில், புகை உண்மை, காட்டுத்தீ இல்லை என்று அடித்தேன். அதற்குக் கீழே, இந்தப் படம் பயிற்சிக்கு ஏற்றதா என்று ஒரு கேள்வி எப்போதும் இருக்கும். பழக்கத்தில் ஆம் என்பதையும் டிக் செய்துவிட்டேன்.

குரூப்பில் விஷயத்தைச் சொன்னேன். மதியம் வாய்ஸ் மெசேஜ் போட்ட பெண்ணே எழுதினாள்: "அக்கா, எழவு ஊட்டுக்காரங்க மேல வண்டிய ஏவி உட்டுட்டமுங்களா?"

3. செல்வி

அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிரபுவிடம் சொன்னேன். "வேண்டாம் மேடம், கம்பெனி பேரு வெளிய வந்துரும்" என்றார். கருமாதி முடியட்டும் என்று காத்திருந்து, லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனேன்.

அன்று மொட்டையடித்திருந்த மகன் வெளியே போயிருந்தார். அவருடைய தங்கை செல்வி இருந்தாள். தறிப்பட்டறையில் வேலை செய்கிறவள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் யார் என்று சொன்ன பிறகும், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சைரன் சத்தம் ஊடு வரைக்கும் கேட்டுச்சுங்க," என்றாள். "அம்மாளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சுட்டேன். செத்தவளுக்கு இனி என்னங்க ஆவப்போவுது? ஆனாலும் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. என்னன்னு போயிப் பாக்கவும் முடியல. பொம்பளைங்கள ரோட்டு முக்கோட நிறுத்திருவாங்க."

நான் கேமராவைப் பற்றிச் சொன்னேன். தூரத்தில் இருக்கிறது, ஆள் முகமெல்லாம் தெரியாது, புகை மட்டும்தான் தெரியும் என்று விளக்கினேன். விளக்க விளக்க என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது.

"அந்தப் படத்த யாரெல்லாம் பாத்தாங்க?"

"எங்ககிட்ட வேலை செய்யறவங்க. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க. அப்பறம் வெளிமாநிலத்துக்காரங்க. அவங்க பேரு எனக்கே தெரியாதுங்க."

"அவ பெத்த மக நான் பாக்கல," என்றாள் செல்வி. "அவங்கெல்லாம் பாத்துருக்காங்க."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பிறகு, "இப்ப உங்ககிட்ட இருக்குதுங்களா அது?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க."

"காட்டுங்க."

வெளி ஆட்களுக்குப் படத்தைக் காட்டக் கூடாது என்பது கம்பெனி விதி. போனை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கரடு, கீழே புளியமரங்கள், மரத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு, அதைச் சுற்றி மஞ்சள் கட்டம்.

"இந்தக் கட்டம் என்னங்க?"

"மிஷின் போட்டதுங்க."

விரலை அந்தப் புகை மேல் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்தினாள். "காத்தே இல்லாம இருந்திருக்குது. நேராப் போயிருக்குது," என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போய் அவள் தோளைத் தொட நினைத்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "நான் பாத்துட்டேன், போதும். இத எல்லாத்துலயும் அழிச்சுருங்க."

"அழிச்சர்றேங்க," என்றேன். அவள் கண்முன்னாலேயே படத்தையும் அன்றைக்கு எடுத்த வீடியோவையும் என் போனிலிருந்து அழித்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

4. அழியாத படம்

பிரபு நல்ல மனிதர்தான். நான் போய் வந்ததற்குக் கோபப்பட்டாலும், க்ளையண்ட்டுக்கு மெயில் போட்டார். படம் ஏற்கெனவே பயிற்சித் தொகுப்பில் சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. மிக நல்ல உதாரணமாக இருப்பதால், புதிதாகச் சேரும் எல்லோருக்கும் தேர்வுப் படமாகவும் வைத்திருக்கிறார்களாம். நான் போட்ட டிக் அது. மறுபடி எழுதச் சொன்னேன். முகமோ பெயரோ இல்லாத படத்தை நீக்கக் காரணம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

செல்விக்குப் போன் செய்ய எனக்குப் பல நாள் ஆனது. நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பேசிவிட்டேன்.

"அழிக்க முடியலீங்க. நான் கேட்டுப் பாத்தேன். உட மாட்டேங்கறாங்க."

அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்ததும் சத்தம் குறைந்தது.

"அப்ப இன்னும் பாத்துட்டுதான் இருக்காங்களா?"

"ஆமாங்க."

"பாக்கறவங்களுக்கு அது எங்கம்மான்னு தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்படியே தெரியாம இருக்கட்டுமுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு கேமரா மாட்டும் முன்னால், அதன் பார்வைக்குள் வரும் ஊர்களுக்கு நான் நேரில் போகிறேன். சுடுகாடு எங்கே, செங்கல் சூளை எங்கே, வெல்லம் காய்ச்சும் ஆலை எங்கே என்று கேட்டு மேப்பில் குறித்துவிட்டுத்தான் கேமராவை ஆன் செய்ய விடுகிறேன். அலர்ட் வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லும் அதே நேரத்தில் ஊருக்குள் ஒருவருக்கும் போன் போகிறது. யாரு, எதுக்கு என்பது நம் வேலை இல்லை என்று வகுப்பில் சொல்வதை நிறுத்திவிட்டேன். புகைக்கு அடியில் ஒரு ஆள் இருப்பார், அவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டிவரும் என்று சொல்கிறேன். இதையெல்லாம் கேமரா மாட்டும் முன்பே செய்திருக்கலாம். ஒரு நாள் வேலைதான். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இதில் நான் ஊர்ப்பெயரை எழுதவில்லை, செல்வி என்பதும் அவள் பெயர் இல்லை. வகுப்பில் அந்தப் படம் இன்னும் வருகிறது. புதிதாக வந்தவர்கள் கிட்டப்போய் உற்றுப் பார்ப்பார்கள். நான் பின்சுவர் ஓரமாகப் போய் நின்றுகொள்வேன். யாராவது திரும்பி, "அக்கா, இது என்ன புகைங்க?" என்று கேட்டால், "வண்டி அனுப்ப வேண்டியதில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போகச் சொல்கிறேன்.