கை இல்லாத குல்லாச் சட்டை

ஓசூருக்குக் குடிவந்த முதல் மார்கழியில் ஒரு காலை, என் மகள் வாயிலிருந்து புகை வந்தது. பால் பாக்கெட் வாங்க அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போயிருந்தேன். "அம்மா, வாயில பொகை!" என்று கத்தியவள் மறுபடி மறுபடி ஊதினாள். பிறகு என் வாயையும் விரலால் திறந்து பார்த்தாள். எனக்கும் வந்தது. பால்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு அது தினம் வருகிற புகை. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு, மூச்சைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். வைகாசியில்கூட இங்கே மின்விசிறி வேண்டாம் என்று ஒரு ரூபாய் போனில் ஊர் ஆட்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி. தை பிறப்பதற்குள் செல்விக்கு இழுப்பு வந்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை, தூங்கும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரிச் சத்தம் கேட்கும்.

என் வீட்டுக்காரருக்கு வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நான் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் லைனில் தைத்ததெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் போடுகிற குளிர்ச் சட்டை. ஆனால் ஒரு சட்டையை முழுசாகத் தைத்தவர் எங்களில் ஒருவரும் கிடையாது. ஒருத்தி பை, ஒருத்தி ஜிப், ஒருத்தி கை. நான் குல்லா. இரண்டு துண்டைச் சேர்த்துக் கழுத்துப் பட்டியில் ஏற்றி அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். எந்த நாட்டிலோ இருக்கும் பிள்ளைகளின் தலையெல்லாம் என் புண்ணியத்தில் கதகதப்பாக இருந்தது. என் பிள்ளை தலையில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் ஓடிவந்து, ஊசி ஏறிவிட்டதோ என்று என் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

கடையில் ஸ்வெட்டர் விற்காமலா இருந்தது? வாங்கியும் போட்டோம். கம்பளி அரிக்கிறது என்று கழற்றி எறிந்தாள். தனியாகக் குல்லா போட்டால் அது பத்து எட்டுக்குள் சாக்கடையில் கிடக்கும். காதை அடைத்து வைத்தால் இழுப்பு அண்டாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கட்பீஸ் கடையில் மெத்தென்று சிவப்புத் துணி எடுத்தேன். அளவு என் கையிலேயே இருந்ததால் கம்பெனியின் மூன்று வயது அளவுக்கே வெட்டினேன். கை வெட்ட எனக்குத் தெரியாது. அதனால் கையே வைக்கவில்லை. தலையில் குல்லா, கழுத்தில் முடிச்சு, அதற்குக் கீழே உடம்பைச் சுற்றிவரும் துணி. உள்ளே மெத்தென்றிருக்க என் கல்யாணச் சேலைகளில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.

தைத்தது எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த ரத்னம்மாக்காவின் மிஷினில். தளிப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் பேச்சு கன்னடம். நான் வெளிநாட்டு மாடல் என்று மெச்சிக்கொண்டிருந்ததை அவர் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கொங்காடையா தெக்கிற?"

எனக்கு விளங்கவில்லை. மழையில் களையெடுக்கும்போது கோணிப்பையின் ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலையில் மாட்டிக்கொள்வார்களாம். அதற்குப் பெயர் கொங்காடை.

"ஒரு கோணிப்பைய மடிச்சிப் போட்டா ஆச்சி. இதுக்குப் போயி மிஷினா?"

"கோணி பிள்ளைக்குக் குத்துமேக்கா."

"எங்க புள்ளைங்களுக்குக் குத்தலியே?" என்றவர், செல்விக்கு மாட்டிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். துணி தரையில் புரண்டது. வெளிநாட்டு மூன்று வயது நம் ஊருக்கு ஆறு வயது என்று எனக்கு யார் சொன்னார்கள்? கத்தரிக்கோலை எடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டார். "அறுக்காத. உள்ள மடிச்சித் தெச்சிடு. வளர்ற புள்ள. வருசத்துக்கு ஒரு மடிப்பு பிரிச்சி உட்டா போதும்." மூன்று மடிப்பு வைத்தேன். மூன்று மார்கழியையும் அவளோடு இங்கே கழிக்கப்போகிறேன் என்ற நினைப்பில்தான் வைத்தேன்.

செல்விக்கு அது உயிர். குல்லாச் சட்டை என்று பேர் வைத்தாள். அதைப் போட்டால் வெளியே போகிறோம் என்று அர்த்தம் அவளுக்கு. பால்கடைக்கு என் இடுப்பில் வரும்போதும் அதுதான். ஆனால் பனி போய்ப் பங்குனி பிறந்ததும்தான் இழுப்பு அதிகமாயிற்று. நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம். "குளிர் மட்டும் இல்லம்மா. ரோட்டுத் தூசி, கம்பெனிப் பொக எல்லாம் சேந்துதான். கொஞ்ச வருசம் சொந்த ஊர்ல வெச்சிப் பாருங்க" என்றார் டாக்டர். குளிருக்குத் தைத்தாயிற்று. தூசிக்கு நான் எதைத் தைப்பது?

கோவில்பட்டியில் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்றார். வேலையை விட்டுவிட்டு நீயும் வந்துவிட வேண்டியதுதானே என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. அதே கேள்வியை என் வீட்டுக்காரரிடம் கேட்ட ஆள் ஒருவருமில்லை. ஊரில் எங்கள் இருவருக்கும் பிழைப்பு இல்லை, ஒருவர் சம்பளத்தில் இங்கே வாடகையும் அங்கே சாப்பாடும் நடக்காது. இதைத் தனித்தனியாக எல்லோருக்கும் விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. குல்லாச் சட்டையோடு செல்வியைக் கொண்டுபோய் விட்டோம். போன கொஞ்ச நாளில் அவளுக்கு இழுப்பு நின்றுவிட்டது. நல்ல செய்திதான். என்னைப் பிரிந்ததும் பிள்ளைக்கு மூச்சு சீராகிவிட்டது என்பதை எந்த மனசோடு கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வருஷம் சித்திரையில்தான் லீவு கிடைத்துப் பார்க்கப் போனேன். கரிசல் மண் வெடித்துக் கிடக்கிற வெயில். செல்வி குல்லாச் சட்டையைப் போட்டு, குல்லாவையும் இழுத்துவிட்டு, வியர்வை ஒழுக வாசலில் நின்றாள்.

"நீ வாரேன்னு சொன்னதுலருந்து மாட்டிட்டு நிக்கா. கழத்துன்னா கேக்க மாட்டேங்கா" என்றார் மதினி.

"அம்மா, பஸ் எப்ப?" என்றாள் அவள்.

இரண்டு நாள் இருந்தேன். முதல் மடிப்பைப் பிரித்துவிட்டேன். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு போன் செய்தபோது மதினி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னைக்கு பொழுதடையுறவர அத கழத்தவே இல்ல தாயி. வாசல்லயே இருந்தா." மறுவருஷமும் மாட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது மடிப்பைப் பிரித்தேன். அந்தத் தடவை பொய் சொல்லத் தைரியமில்லாமல் அவள் தூங்கும்போது கிளம்பினேன்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது வாசலில் யாரும் நிற்கவில்லை. மதினி பிள்ளைகளோடு தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு வயதாகிவிட்டது. நானே பெட்டியிலிருந்து குல்லாச் சட்டையை எடுத்து, கடைசி மடிப்பையும் பிரித்து மாட்டிவிட்டேன். பிரித்த இடம் மட்டும் புதுத்துணி நிறத்தில் இருந்தது. தைத்த நாளிலிருந்து முதல்முறையாக அது அவளுக்குச் சரியாக இருந்தது. ஒரு விரற்கடைகூடக் கூடுதல் குறைவு இல்லை. டெய்லர் கடையில் நிற்பது மாதிரி அசையாமல் நின்றாள்.

"வேர்க்கும்மா. கழத்திரவா?"

ஊருக்குக் கிளம்பும்போது அவளே அதை மடித்து எடுத்துவந்து என் பைக்குள் வைத்தாள். "நீ கொண்டு போம்மா. ஒனக்குத்தான அங்க குளிரும்." சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விடியக்காலையில் ஓசூரில் இறங்கினேன். நல்ல பனி, காது விறைத்தது. பையிலிருந்து அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். துணி என் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. குல்லாவுக்குள் அவள் தலை எண்ணெய் வாசம் இருந்தது. பால்கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பனியில் கடைக்காரருக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும் போல. கடைக்குள்ளிருந்தே சத்தமாகக் கேட்டார்:

"இன்னாம்மா, பாப்பாவ கூட்டியாந்துட்டீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். புகைதான் வந்தது.