சீனக் கஷாயமும் தாம்பரம் வண்டியும்

என் கணவர் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டியவர். ரயில்வேயில் மோட்டார்மேன் என்பார்கள். எங்கள் தெருவில் ‘ட்ரெயின் சார்’. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். நான் பெருங்களத்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே மகளைக் கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்து, புது வண்டிகளை ஓட்டப் பழகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவருக்கு அந்தத் தொந்தரவு ஆரம்பித்தது. அப்போது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் கவனித்தது தண்ணீர் பாட்டிலை. காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்தது. சித்திரை வெயிலிலும் வாய் நனைக்காமல் வேலை பார்த்துவிட்டு வந்தார். பிறகு பாத்ரூமில் வெகுநேரம் நிற்க ஆரம்பித்தார். வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து விட்டுக்கொள்வார். ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பார். கேட்டால், வயதானால் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் வண்டியில் கழிவறை கிடையாது. தாம்பரத்தில் ஏறினால் கடற்கரை போய்த்தான் இறங்க முடியும். நடுவில் எந்த ஸ்டேஷனிலும் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. பின்னால் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். முன்பெல்லாம் சைதாப்பேட்டைப் பாலத்தில் காற்று எப்படி வரும், மாம்பலத்தில் கூட்டம் எப்படி ஏறும் என்று கதை கதையாகச் சொல்வார். அந்தக் கதைகள் நின்றுபோயின. ஒரே ஒரு முறை, சாப்பிடும்போது, “எழும்பூர் தாண்டிட்டா போதும்னு இருக்கு” என்றார். அங்கிருந்து கடற்கரை மூன்று ஸ்டேஷன்தான்.

ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவர் ஒப்பவில்லை. டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயந்தார். கூட வேலை பார்த்த ஒருவரைக் கண்பார்வைக்காக இறக்கி, ஆபீஸில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த மனிதர் பிளாட்பாரத்தில் நின்று வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதை இவர் தினமும் பார்த்தார். வெளியே ஒரு டாக்டரிடமாவது காட்டலாமே என்றால், அந்த டாக்டர் ஆபரேஷன் என்பார், ஆபரேஷன் என்றால் லீவு, லீவு என்றால் கடைசியில் ரயில்வே டாக்டர் கையெழுத்து என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார். அந்த வட்டத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

என் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலையாக இருந்தான். அந்த வருஷம் லீவில் வந்தவன், மாமாவோடு ஏரிக்கரையில் நடக்கப் போய்விட்டு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டான். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டதை அவர் அவனிடம் கொட்டியிருந்தார். அங்கே சீனர்களின் மருந்துக்கடைகளில் இதற்கென்றே கஷாய மருந்து இருக்கிறதாம். அவனுடைய சூப்பர்வைசர், வயதான சீனர், அதைக் குடித்துத்தான் நன்றாக இருக்கிறாராம். பல நூறு வருஷத்து வைத்தியம், பக்கவிளைவு ஒன்றும் கிடையாது என்று அவன் மறுபடி மாமா முன்னாலும் சொன்னபோது என் கணவர் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம், யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது.

அவன் திரும்பிப் போன பிறகு, ஊருக்கு வந்த ஒரு நண்பர் கையில் முதல் பொட்டலங்கள் வந்தன. பிரித்துப் பார்த்தேன். லவங்கப்பட்டை மாதிரி ஒன்று. கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும் கிழங்குத் துண்டுகள். சுண்ணாம்புக் கட்டியைச் சீவியதுபோல வெள்ளைச் சதுரங்கள். வற்றிய சிவப்புப் பழங்கள். இன்னும் சிலவற்றுக்கு என்னிடம் பேரே இல்லை. சிறுநீரகத்துக்குச் சூடு கொடுக்கும் மருந்து, மண்சட்டியில் போட்டு மூன்று தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும், குளிர்ந்த தண்ணீர் ஆகாது, பொழுது சாய்ந்தால் காபி, டீ கூடாது என்று தம்பி போனில் சொன்னான்.

காய்ச்சும்போது வீடு முழுக்க ஒரு வாசனை எழும். ஈரமண்ணும் பட்டையும் கருகிய வெல்லமும் கலந்த மாதிரி. ஜன்னலைச் சாத்தினாலும் தெருவுக்குப் போய்விடும். எதிர்வீட்டு அம்மா, யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்கள். என் முட்டி வலிக்கு நாட்டு மருந்து என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் முன்னால் கொஞ்சம் நொண்டி நடக்க வேண்டியிருந்தது. அவரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மருந்து கேட்டது. கேட்டதாகத்தான் நினைத்தோம். கொஞ்ச நாளில் ராத்திரி எழுந்திருப்பது குறைந்தது. பாட்டில் பாதி காலியாகி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், எனக்குப் பூ வாங்கிக் கொடுத்து, ஹோட்டலில் பூரி சாப்பிட வைத்தார். முகம் தெரியாத அந்த மருந்துக்கடைப் பெரியவருக்காக நான் சாமி விளக்கின் முன்னால் வேண்டிக்கொண்டேன். ஆனால் ஒன்று. சாயங்காலம் ரெண்டு காபி குடிக்கிற மனுஷன் அதை அடியோடு நிறுத்தியதும் அதே நாட்களில்தான். கேட்டது மருந்தா, காபி நின்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த கோடை வருவதற்குள் எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது. இந்த முறை இன்னும் மோசம். சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று அவரே வாய்திறந்து சொன்னார். நான் மறுபடி டாக்டர் என்றேன். இந்தப் பொட்டலங்கள் முடியட்டும் என்றார். அவை முடிவதற்குள் அடுத்தவை வந்தன. “கொஞ்சம் கெட்டியா போடேன்” என்பார். நான் இன்னும் சுண்ட வைத்தேன். தார் மாதிரி இறங்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். கால் வீங்க ஆரம்பித்ததை நின்று ஓட்டுவதால் என்று சொன்னார். உட்கார்ந்துதானே ஓட்டுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் அவருக்குச் சளி பிடித்தது. ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள், நான் பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது, காலை டியூட்டி முடித்து வந்திருந்தவர் சோபாவில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

“சுத்தமா வரல. காலைலேர்ந்து ஒரு சொட்டு வரல,” என்றார்.

அந்த நிலையில் கடற்கரைக்குப் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் மழைத்தண்ணீர் தேங்கி லாரிகள் நகரவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் என் கையை நெரித்தார். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், கல்லா? எங்க அண்ணனுக்கும் இப்டித்தான் ஆச்சு,” என்று சொல்லி, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பை நிறைந்துகொண்டே இருந்தது. நர்ஸ் அதைக் காலி செய்துவிட்டு மறுபடி மாட்டினார். வலி இறங்கியதும் அவர் அழுதார். நான் பார்க்கக் கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். என் மகள் வயதுதான் இருக்கும். புராஸ்டேட் பெரிதாகி வழியை அடைத்திருக்கிறது, சளி மாத்திரை அதை முழுசாக மூடிவிட்டது, சிறுநீர் இத்தனை காலமாகத் தேங்கித் தேங்கி மேலே ஏறி இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கின்றன என்று படம் போட்டு விளக்கினார். என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். நான் கஷாயத்தைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“அந்த மருந்துதான் கெடுத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. அதுல என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. ஆனா அது வீட்டுல இருந்ததால நீங்க இங்க வரல.”

என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வண்டியை விட்டு இறக்கிவிடுவார்களா என்று.

“இதுக்காக யாரு சார் இறக்கறாங்க? ஆரம்பத்துல வந்திருந்தா தினம் ஒரு மாத்திரையோட முடிஞ்சிருக்கும். ஆபரேஷன் பண்ணிட்டு வண்டி ஓட்டறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. இப்ப என் கவலை கிட்னி மேலதான்.”

லீவு, கையெழுத்து என்று என் கணவர் போட்டுக் காட்டிய வட்டம் என் ஞாபகத்துக்கு வந்தது. அது வட்டமே இல்லை. எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. நாங்கள் யாரையும் கேட்கவும் இல்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குழாயை எடுத்த அன்று, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தாராளமாகப் போனது என்று வெட்கத்தோடு சொன்னார். சிறுநீரகம்தான் முழுசாகத் தேறவில்லை. ரத்த அழுத்தம் ஏறியது, அதற்கு மாத்திரை, மாத்திரையால் தலைசுற்றல். தலைசுற்றுகிறவரிடம் அத்தனை உயிரை எப்படி ஒப்படைப்பார்கள்? அவரை ஆபீஸில் உட்கார வைத்தார்கள். மற்ற டிரைவர்களுக்கு எந்த வண்டி, எத்தனை மணி என்று எழுதிக் கொடுக்கும் வேலை. அதைக் குறையில்லாமல் செய்தார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

விஷயம் கேள்விப்பட்டு என் தம்பி வந்தான். மாமாவின் காலைப் பார்த்தான், மாத்திரை டப்பாவைப் பார்த்தான், சாப்பிடாமல் எழுந்துவிட்டான். கொல்லைப்பக்கம் போய்க் கைகழுவுகிற இடத்தில் நின்றவனிடம், நீ என்ன செய்வாய், நல்லதுக்குத்தானே செய்தாய் என்றேன்.

“இல்லக்கா. அந்தக் கடைப் பெரியவர் ஆளைப் பாக்காம தர மாட்டேன்னுதான் சொன்னாரு. நான் கெஞ்சி வாங்கினேன். மூணாவது தடவை போனப்ப, டாக்டர் பாத்தாரா, ரிப்போர்ட் எங்கன்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப மருந்து கிடையாது, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுன்னு பொட்டலத்தை உள்ள எடுத்து வெச்சுட்டாரு.”

“அப்புறம் வந்த மருந்தெல்லாம்?”

“பழைய பொட்டலத்தைக் காட்டி வேற கடையில வாங்கினேன். மாமாகிட்ட போன்ல எல்லாம் சொன்னேன்க்கா. பெரியவர் சொன்னதையும் சொன்னேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதன்னாரு.”

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பெரியவர் எங்கோ கடல் தாண்டி, என் கணவரை ஒருநாளும் பார்க்காமலே, சரியான வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். அது எங்கள் வீட்டுப் போன்வரை வந்து நின்றுவிட்டது. பக்கத்து அறையில் நான் அந்த நேரம் மருந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.

ரிட்டயர் ஆகும் மோட்டார்மேன்கள் கடைசி நாளில் குடும்பத்தோடு வருவார்கள். வண்டியின் முகப்பில் வாழைக்கன்றும் மாலையும் கட்டியிருக்கும். மனைவியும் பிள்ளைகளும் முதல் பெட்டியில் ஏறிக்கொள்வார்கள். வண்டி தாம்பரம் வந்து நின்றதும் பிளாட்பாரத்திலேயே மேளம் வைத்து இறக்குவார்கள். அவருடைய ரிட்டயர்மென்ட் அன்று ஆபீஸில் ஒரு சால்வை போர்த்தி, கேசரியும் காபியும் கொடுத்தார்கள். சிறுநீரகத்துக்காக அவர் அளந்து குடிக்க வேண்டியிருந்ததால் காபியை என்னிடம் கொடுத்துவிட்டார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொருவருக்கும் அதே மாதம்தான் கடைசி வண்டி. அழைத்திருந்தார்கள், போனோம். மாலையோடு வண்டி உள்ளே வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார். நண்பரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அந்த நண்பரின் மனைவி பட்டுப்புடவையில் முதல் பெட்டியிலிருந்து இறங்கினாள். நான் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் கேட்டேன். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்தது.

“அந்தக் கடைக்காரர் சொன்னதை ஏன் என்கிட்ட சொல்லல?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

“சொன்னா அன்னிக்கே நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்ப.”

“ஆமா. போயிருப்பேன்,” என்றேன்.

“தெரியும்,” என்றார். பிறகு எங்கள் ஸ்டாப்பிங் வந்தது. அவர் முதலில் இறங்கி, படி உயரம் என்று எனக்குக் கை கொடுத்தார்.