மஞ்சள் கோட்டின் மேல் ஒரு கோலம்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரைக்கும் அப்பா சாக்பீஸால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருந்தார். நானும் தம்பியும் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். மழை பெய்து அழிந்தால் மறுநாள் காலையில் புதுசாகப் போட்டுவிடுவார். தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எட்டு வயதிலேயே எல்லாவற்றுக்கும் பயப்படுகிற பிள்ளை நான். கோட்டுக்கு வெளியே கால் பட்டால் ஏதாவது வந்து மோதிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

நம்பக் காரணமும் இருந்தது. திண்டிவனத்துக்கு வெளியே இருந்த ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வேலை. அம்மா பெட்டி மடிக்கிற பிரிவில். அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் சரக்கைத் தூக்கிப் போகிற வண்டி அது. அப்போதெல்லாம் அந்தக் கம்பெனித் தரையில் கோடு ஏதும் கிடையாது. ஆள் போகிற வழியிலேயே வண்டியும் போகும். அப்படிப் போன ஒரு வண்டி ஒருநாள் அம்மாவின் இடது காலில் ஏறிவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். அம்மா நடந்தாள், ஆனால் அந்தக் காலை லேசாக இழுத்துத்தான் நடந்தாள். வேலையை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கம்பெனியில் மஞ்சள் பெயிண்ட் வாங்கினார்கள். நடப்பவர்களுக்கு ஒரு வழி, வண்டிக்கு ஒரு வழி என்று தரையைப் பிரித்துக் கோடு போடும் வேலையை அப்பா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லை. தரையைக் கழுவி, காயவைத்து, டேப் ஒட்டி, முட்டி போட்டுப் பூசிவிட்டு வருவார். நகக்கண்ணில் மஞ்சள் போகவே போகாது. "மஞ்சள் பூசுறதுல பொம்பளைங்க கெட்டாங்க போ" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள். அப்பா சிரிக்க மாட்டார்.

அம்மாவின் காலில் ஏறியது யார் ஓட்டிய வண்டி என்று நான் கேட்டதே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? கம்பெனியில் வண்டி இரண்டுதான். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்றைப் பெரிய மீசை வைத்த ஒரு மாமா ஓட்டுவார். குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். கொடுத்த மிட்டாயைத் தம்பியிடம் தள்ளிவிடுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். கால் உடைந்த பிறகு அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்தாள். கூட வேலை பார்த்த பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, கோலம் நீதான் போடணும்" என்று கலர் பொடியைக் கையில் திணித்தார்கள். உள்ளே நுழைந்ததும் வழவழவென்று சுத்தமாக இருந்த இடத்தில் குனிந்தாள் அம்மா. தாமரை, நடுவில் ஐந்து முக விளக்கு, சுற்றிலும் மயில். கோலம் பெரிசாகப் பெரிசாக மஞ்சள் கோடு அதற்குள் மறைந்துகொண்டே போனது.

"யம்மா, நடக்குற கோட்டு மேல போட்டுக்கினு இருக்கியே."

"கோடு எங்க ஓடிடப் போவுது? நாளைக்குப் பெருக்குனா வந்துடும். தம்பியப் பாத்துக்கோ போ."

அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவர் பின்பக்கம் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

பயந்தது மாதிரியே நடந்தது. கோலத்தை யார் மிதிப்பார்கள்? உள்ளே வந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்ததும் பக்கவாட்டில் ஒதுங்கி, வண்டி போகிற வழியில் இறங்கி நடந்தார்கள். கோட்டுக்குள் நடங்கள் என்று தினமும் காலையில் வகுப்பெடுக்கிற சூப்பர்வைசரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படித்தான் சுற்றிப் போனார். பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தபோது பாதிப் பேர் வண்டிப் பாதையிலேயே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலில் மீசைக்கார மாமாவின் வண்டி. வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக அதன் முன்பக்கம் மூடிக்கிடந்தது. அவருக்கு எதிரே என்ன தெரியும்? வண்டி உறுமியது. தம்பி கையில் சுண்டலோடு அதற்கு நேராகப் போய்க்கொண்டிருந்தான்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஓடிப்போய்த் தம்பியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கோலத்தின் நடுவில் போய் நின்றேன். கோடு தெரிய வேண்டும் என்று தாமரையையும் மயிலையும் காலால் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். பெண்கள் ஐயோ என்றார்கள். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தாள். வண்டி நின்றுவிட்டது. அப்பா பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தார்.

நான் அழுதுகொண்டே மீசைக்கார மாமாவைக் கைகாட்டினேன். "இவர்தான அம்மா கால் மேல ஏத்துனாரு. இப்ப தம்பி மேலயும் ஏத்திடுவாரு."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மீசைக்கார மாமா வண்டியிலிருந்து இறங்கி என் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஆமாங் கண்ணு. தப்புதான். இனிமே பாத்து ஓட்றேன்."

அப்பா மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து வந்தார். பூஜை நாளில் கோலத்தைப் பெருக்குவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்பா ஒரு இழுப்பு இழுத்தார், அதற்கு மேல் அவரால் பெருக்க முடியவில்லை. அம்மா துடைப்பத்தை வாங்கி, தான் போட்ட கோலத்தைத் தானே ஒரு பொட்டு விடாமல் கூட்டித் தள்ளினாள். மஞ்சள் கோடு பளிச்சென்று வந்தது. எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவராக அதற்குள் வந்து நின்றார்கள். மாமா மாலைகளை ஒதுக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்தது அப்பாவின் வண்டி. அவர் ஏறவில்லை. வேறு யாராவது எடுக்கட்டும் என்றார். அம்மா கோட்டுக்குள், எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"ஏறுங்க. நான் கோட்டுக்குள்ளதான நிக்கிறேன். ஏறி எடுங்க."

அப்பா ஏறினார். ஒரு எலுமிச்சம்பழம் நசுங்க அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் பழத்தைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மாமா நீட்டிய பொரிப் பொட்டலத்தைப் பெரிய மனது பண்ணி வாங்கிக்கொண்டேன். தப்பை ஒத்துக்கொண்டவரை மன்னிக்கத்தானே வேண்டும்.

நான் விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அன்னிக்கு என் கால்ல ஏத்துனது உங்கப்பாதான்டி. அந்த மீசைக்கார அண்ணன்தான் என்னைத் தூக்கிக்கினு ஓடுனாரு." சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

ஆனால் அந்த ஆயுத பூஜை அன்றைக்கு, பைக்கில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது, எனக்கு ஒரே பெருமை. "அவரே ஒத்துக்கிட்டாரு பாத்தியாப்பா" என்று அப்பாவின் காதில் மூன்று தடவை சொன்னேன். வழியெல்லாம் அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. ரோடு மோசம் என்று நினைத்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.