யோசப்பினின் முதுகு

குவைத்தில் யோசப்பினுக்குக் கிடைத்த வேலை, பக்கவாதம் வந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்வது. கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து குளியலறைக்கும் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கிழவி நல்ல கனம். இலங்கையில், கடுகண்ணாவையில், புருஷன் கிளறன்ஸ் வாடகைக்கு ஓட்டிய த்ரீவீலரைச் சொந்தமாக்கத்தான் அவள் கடல் கடந்தாள். அது நடந்தது. வீட்டுக் கூரையையும் மாற்றிவிடலாம் என்று மறுபடி போனபோதுதான் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

எசமானி அவளைப் பளபளவென்ற ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் எசமானியோடு அரபியில் நிறையப் பேசினார். யோசப்பினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகில் ஊசி போட்டதும் வலி மாயமாகிவிட்டது. அன்றைக்கே கிழவியைத் தூக்கினாள். ஊசியின் வேகம் இறங்கியபோது இடது கால் மரத்துப்போயிருந்தது. நிற்கவே முடியாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? டிக்கட் வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்கே போவோங்க, காசில்லாமப் பார்ப்பாங்க" என்றாள் யோசப்பின்.

கிளறன்ஸ் கேட்கவில்லை. "விடியக்காலயில இருந்து பெஞ்சில குந்த முடியுமா ஒன்னால? இந்தக் குடும்பத்துக்காகத்தானே முதுக ஒடச்சிக்கிட்ட. நல்ல எடத்துலதான் காட்டணும்."

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அறை குளுகுளுவென்றிருந்தது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒப்பரேஷன் என்றார். வேறு வழி உண்டா என்று கிளறன்ஸ் கேட்க நினைத்தான். அதற்குள் தாதி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஒப்பரேஷன் முடிந்து படுத்திருந்தவளைப் பார்க்க அவன் பஸ்ஸில் வந்திருந்தான்.

"வண்டி எங்கங்க?"

"மெக்கானிக்கிட்ட நிக்கிது" என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

விற்றுவிட்டான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தையல் இழுக்குமே என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

கால் கொஞ்சம் தெளிந்தது. சில மாதம் போனதும் இடுப்புவலி திரும்பியது. மறுபடி தனியாருக்குப் போக வழியில்லை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். கிளறன்ஸ் சொன்னது பொய்யில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே ஒரு வேதனையாக இருந்தது. ஆனால் அங்கே பயிற்சி கொடுக்கும் சகீனா மிஸ் அவளைப் படுக்கவைத்து, காலை மெல்ல மடக்கி, எங்கே வலிக்கிறது, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். முதுகைப் பற்றி யோசப்பினிடமே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதத் தொடக்கத்துலயே செஞ்சிருந்தா ஒப்பரேஷன் வேண்டி வந்திருக்காதா மிஸ்?"

சகீனா அவள் காலை மெல்ல இறக்கி வைத்தாள். "அத இப்ப யாராலயும் சொல்லேலா அக்கா. இனி விடாமச் செய்வோம்."

யோசப்பின் விடாமல் செய்தாள். கோயிலுக்கு நடந்துபோகும் அளவுக்கு வந்தாள். குடம் தூக்க மட்டும் முடியவில்லை.

வண்டி போனபிறகு கிளறன்ஸ் கண்டிச் சந்தையில் நாட்டாமி வேலைக்குப் போனான். லொறியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கிச் சுமந்தான். ஒரு மழைக்காலத்தில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவதை அவள் பார்த்தாள்.

"வாங்க, கிளினிக்குக்குப் போவோம்."

"ஒருநாள் லீவு போட்டா அந்த எடத்துக்கு வேற ஆள் வந்துருவான்டி."

"இலவசந்தானேங்க!"

"இலவசந்தான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினான்.

எப்படியோ கெஞ்சி ஒரு புதன்கிழமைக்குச் சம்மதிக்கவைத்தாள். விடியுமுன்பே போய் அவன் பேரில் நம்பர் துண்டு எடுத்து வைத்தாள். லொறி இறக்கிவிட்டு ஓடிவருவதாகச் சொல்லியிருந்தான். உட்கார முடியாமல் தூணில் சாய்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளறன்ஸ்!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள்.

யோசப்பின் கதவண்டை போனாள். "அவரு வேலையில நிக்கிறாரு மிஸ். வந்துருவாரு."

"நோயாளி இல்லாமப் பார்க்க ஏலாதும்மா" என்றாள் பேர் கூப்பிட்ட பெண், கோபமில்லாமல். அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.